அக்கா பார்த்த வெள்ளிக்காசு

கைக்குட்டையைப் பிரிப்பதற்கு முன்பே சீஃப் சொல்லிவிட்டார்: "தப்பு என்மேலதாம்மா."

வியாழக்கிழமை காலை. கண்ணாடிக்கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. மனிதர் குனிந்து நுழைந்து வந்திருந்தார். முப்பது வருஷம் கப்பலின் இன்ஜின் அறையைக் கட்டி ஆண்டவர். ஓய்வு பெற்றும் எல்லாருக்கும் சீஃப்தான். அப்படிப்பட்டவர் இன்று ஸ்லேட்டை உடைத்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கும் பையன் மாதிரி நின்றார்.

"என்ன ஆச்சு சீஃப்?"

"சனிக்கிழமை கண்காட்சிக்கு எடுத்து வைக்கலாம்னு பெட்டியத் தூக்கி கார் டிக்கியில வெச்சேன். மூடினேன். நடுவுல இந்தக் காசு டப்பா மாட்டிக்கிட்டிருந்திருக்கு. டப்பா அப்பளமா நொறுங்கிடுச்சு. காசுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா உள்ள இருந்த உங்க கையெழுத்துச் சீட்டு ரெண்டா கிழிஞ்சுபோச்சு."

"டிக்கிக்கு ஒண்ணும் ஆகலயே?"

"டிக்கி கெடக்குது விடுங்க. நான் என்ன டிக்கியா சேர்க்கிறேன்?"

கடைக்கார அக்கா சிரித்தாள். அதற்கப்புறம் வெகுநாள் சிரிக்கப்போவதில்லை என்பது அப்போது தெரியாது.

பழங்காசு சேர்ப்போர் சங்கத்தில் 'கண்ணாடி அக்கா' என்றால் அறியாதவர் இல்லை. பவர் பார்ப்பதும் லென்ஸ் அரைப்பதும் அவளுக்குப் பிழைப்பு. ஸ்பானிய வெள்ளிக்காசு பார்ப்பது பித்து. ஸ்பெயின் அரசர்கள் கடலுக்கு அந்தப்பக்கம் பிடித்து வைத்திருந்த நாடுகளில், அங்கேயே தோண்டிய வெள்ளியில், அங்கேயே அடித்த காசு. ஒரு பக்கம் இரண்டு தூண். நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உலக உருண்டை, அடியில் கடல் அலை. மறுபக்கம் அரச முத்திரை. உள்ளங்கையில் வைத்தால் இருபத்தேழு கிராம், கனமாக, குளிர்ச்சியாக உட்காரும். 1732-ல் ஆரம்பித்து நாற்பது வருஷம் அடித்தார்கள். உலகம் முழுக்கச் சுற்றிய காசு. கிழக்கே கைமாறிய இடங்களில் வியாபாரிகள் சோதித்துப் பார்த்துக் குத்திய சின்னச் சின்ன முத்திரைகளோடுகூடக் கிடைக்கும். போலியும் அதே அளவுக்கு உண்டு. அதனால்தான் சங்கத்தில் யார் எங்கே எதை வாங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா பாத்தாச்சா?"

அக்கா பார்த்தாச்சு என்றால் பேச்சு முடிந்தது.

பார்த்ததும் அவள் ஒரு சீட்டில் எடை, வருஷம், தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பிறகு காசும் சீட்டும் அவள் தம்பியிடம் போகும். தம்பி பல் கட்டும் லேப் வைத்திருந்தான். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துக் கட்டுப்பல், கேப் எல்லாம் செய்து கொடுக்கும் வேலை. பல்லுக்கு ஈறு செய்கிற அதே அக்ரிலிக்கில் கண்ணாடி மாதிரி தெளிவாக ஒரு டப்பா வார்த்து, காசையும் சீட்டையும் உள்ளே வைத்து ஒட்டிவிடுவான். காற்றுப் புகாது, காசு கறுக்காது. உடைக்காமல் திறக்கவும் முடியாது. திறந்தால் சீட்டு செல்லாது என்பது சங்கத்தின் விதி. விதியைப் போட்டவள் அக்காவே.

அக்கா பார்ப்பாள், தம்பி மூடுவான். நாலு வருஷமாக இதுதான் நடைமுறை.

"வேற டப்பா போட்டுத் தந்தாப் போதும்மா" என்றார் சீஃப்.

பழக்கதோஷத்தில் லூப் என்கிற குட்டிப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்தினாள். தூண் சரி. அலை சரி. இடது தூணுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வியாபாரி குத்திய குட்டி நட்சத்திரம், அதுவும் சரி. காசை இரண்டு விரல் நுனியில் பிடித்து விளிம்பைத் திருப்பினாள்.

திருப்பிய விரல் நின்றது.

"என்னம்மா, கீறல் விழுந்துடுச்சா?"

"இல்ல."

"முகம் ஏன் அப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல சீஃப். வெச்சிட்டுப் போங்க."

அவர் போனதும் ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கினாள்.

அந்தக் காசுகளின் விளிம்பில் இலைக்கொடி மாதிரி ஒரு வரி ஓடும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் காட்டிக் கொடுப்பதற்காக வைத்தது. அந்தக் காலத்து இயந்திரத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே காசை உருட்டுவார்கள். ஒரு பட்டை பாதிச் சுற்றுக்கு இலை பதிக்கும், இன்னொன்று மறுபாதிக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கணக்குச் சரியாக வராது. இலைமேல் இலை ஏறி இடறும். நேர் எதிரெதிராக இரண்டு இடறல். அவள் கையில் எடுத்த காசு எதுவானாலும் முதலில் தேடுவது இதைத்தான்.

சீஃப்பின் காசில் இடறலே இல்லை. இலைக்குப் பின் இலை, இலைக்குப் பின் இலை, முழுச் சுற்றும் அட்சரசுத்தமாக இருந்தது.

ஒன்று, நாலு வருஷத்துக்கு முன்னால் தன் கண் தவறியிருக்க வேண்டும். இல்லையென்றால் சீஃப் மாற்றியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவள் எண்ணவில்லை.

முதலாவதற்குப் பதில் மேஜை டிராயரிலேயே இருந்தது. பார்த்த காசுக்கெல்லாம் தனக்கென்று ஒரு குறிப்பு நோட்டு வைத்திருந்தாள். காசைக் கடிகாரமாக நினைத்து, இடறல் எத்தனை மணியில் இருக்கிறது என்று எழுதி வைப்பாள். சீஃப்பின் பக்கத்தைப் பிரித்தாள். 'நட்சத்திரக் குத்து. இடறல் இரண்டு மணி, எட்டு மணி.' அவள் கையெழுத்துதான். அப்படியானால் அன்று பார்த்த காசு வேறு.

போனை எடுத்தாள்.

"சீஃப், அந்த டப்பாவ எப்பவாவது திறந்தீங்களா?"

"திறக்கறதா! என் வீட்டுக்காரி ஒருதடவ தூசி தட்டறேன்னு கையில எடுத்துட்டா. ரெண்டு நாள் நான் அவகூடப் பேசல. மூணாவது நாள் அவ பேசல. எங்க வீட்டுல சமையல் நின்னது அந்த ஒரு தடவதான். ஏம்மா கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற ஆள் இல்லையே நீங்க."

"டப்பா அளவுக்காகக் கேட்டேன் சீஃப்."

பொய் சொல்லிவிட்டு போனை வைத்தாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அலமாரியைத் திறந்தாள். அவளுடைய சொந்தக் காசுகள் ஏழு, ஏழு டப்பாக்களில் இருந்தன. வரிசையின் முதலில் இருந்தது 1732. பதினோரு வருஷம் தேடிக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை ஜன்னலோரம் வைத்து, வெயில் தூண்மேல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது அவள் ஓய்வு. அந்த டப்பாவை லென்ஸ் அரைக்கும் சக்கரத்தில் வைத்தாள். சக்கரம் கிறீச்சிட்டது, அக்ரிலிக் தூள் பறந்தது, டப்பா விண்டது.

விளிம்பைத் திருப்பினாள். இலைக்குப் பின் இலை.

இரண்டாவது டப்பா. மூன்றாவது. அக்ரிலிக் தூளும் சில்லும் மடியெல்லாம் கொட்டின. ஏழையும் உடைத்து முடித்தபோது மணி பன்னிரண்டு. ஏழில் ஒன்றுகூட இடறவில்லை.

இனி மூன்றாவதை எண்ணித்தான் ஆகவேண்டும்.

வார்த்த போலி ஆறும்போது சுருங்கும், மயிரிழையாவது சிறுக்கும். வழக்கமாகப் போலிக்காரர்கள் மாட்டுவது அங்கேதான். இவை சுருங்கவில்லை. சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அச்சை அதே அளவு விரிய வைத்து வார்ப்பவன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும். பல்லுக்குச் செய்யும் கேப் மயிரிழை சிறுத்தாலும் ஏறாது என்று அவனே நூறு தடவை பெருமையடித்திருக்கிறான். வெள்ளியும் அதே காலத்து வெள்ளி. தேய்ந்து முகம் தெரியாமல் போன காசுகளை 'பழகிப் பார்க்க' என்று அவளிடமே கேட்டு வாங்கிப் போவான், உருக்கத்தான் என்பது இப்போது புரிந்தது. உருகிய வெள்ளியை அச்சுக்குள் ஊற்றும் வழி விளிம்பில்தான் முடியும். அந்தப் பிசிறை ராவி எடுத்துவிட்டு இலையைப் புதிதாகச் செதுக்கியிருக்கிறான். பிசிறு, தடம், தையல் எதையும் பொறுக்காத கை அவனுடையது. அதனால்தான் நல்ல காசில் இருந்த கோளாறையும் சரிசெய்து வைத்துவிட்டான்.

வேலி பயிரை மேய்ந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வேலி, மேய்ந்த இடத்தில் பிளாஸ்டிக் பயிரை நட்டு வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லேப் படியேறினாள்.

அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. மூலையில் வார்ப்பு அடுப்பு சூடேறிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தான்.

"வா வா. என்னக்கா, பல்லு வலியா? வயசாச்சு, சொன்னா ஒத்துக்க மாட்ட."

"உன் வாய்தான்டா எனக்கு வலி."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்கு முப்பத்திரண்டும் போனாலும் சொல்லு போகாது. உட்காரு. டீ சொல்லவா?"

"வேண்டாம். சீஃப்போட டப்பா உடைஞ்சுபோச்சு. புதுசு போடணும்."

கைக்குட்டையை நீட்டினாள். அவன் பிரித்தான். காசை எடுத்தான். தூண்களின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்து, வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து, சோடா மூடியைப் போடுவது மாதிரி தட்டில் 'டங்'கென்று போட்டான்.

"கப்பலையே ஓட்டின மனுஷன், ஒரு டிக்கிய மூடத் தெரியல பாரு! மதியம் வந்து வாங்கிக்க."

"கை" என்றாள் அக்கா.

"என்ன கை?"

"கையுறை போடல நீ."

காசு சேர்ப்பவர்கள் கட்டைவிரலை முகத்தில் வைப்பதில்லை. வியர்வை பட்டால் நாலே மாதத்தில் ரேகை விழும். அதிலும் தம்பி அவளைவிடக் கறார். நல்ல காசு வந்தால் கையைக் கழுவி, துடைத்து, மெல்லிய உறை மாட்டி, மூச்சுக்கூடப் படாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வான்.

தம்பி தட்டைப் பார்த்தான். தன் கட்டைவிரலைப் பார்த்தான். ராவும் கருவி அவன் மறுகையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான்.

அழுவான் என்று எதிர்பார்த்தாள். காலில் விழுவான், இல்லை எகிறுவான் என்றும் நினைத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"எதுல கண்டுபிடிச்ச?"

"என்னடா?"

"எடை சரியா இருக்கும். வெள்ளி அதே வெள்ளி. சைஸ் துல்லியம். எதுல மாட்டுச்சு, சொல்லு."

"விளிம்புல. நல்ல காசுல ரெண்டு எடத்துல இலை இடறும். நீ அத அழகா சரி பண்ணிட்ட. நேத்து என்னோட ஏழு டப்பாவையும் உடைச்சுப் பாத்தேன், ஏழும் அப்படித்தான்."

"அட" என்றான். உண்மையான வருத்தம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. "அத நான் மெஷின் சொதப்பல்னு நெனச்சேன்க்கா."

"மெஷின் சொதப்பல்தான். அதுதான்டா அதோட கையெழுத்து."

"என்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"என் கூடப் பொறந்தவன் போலி செய்வான், அவனுக்கு ஒரு பாடம் எடுத்து வைப்போம்னு எனக்குத் தோணல."

அவன் எழுந்தான். சுவரோரம் பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து நீளமான ஒரு தட்டை இழுத்தான். கையுறை மாட்டிக்கொண்டான். மேலே மூடியிருந்த துணியை விலக்கினான்.

முப்பத்தொரு காசுகள். வருஷ வரிசையில், இடைவெளி விட்டு, ஒவ்வொன்றுக்கும் மெழுகில் குழி வெட்டி. சீஃப்பின் நட்சத்திரக் குத்து நடுவில் இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், இடது மூலையில், அவளுடைய 1732.

"பாரு" என்றான். "ஒண்ணுகூட விக்கல. சத்தியமா ஒண்ணுகூட விக்கலக்கா. நாற்பதுல ஒன்பது வருஷம்தான் பாக்கி. இந்த வரிசை எவன்கிட்டயும் இருக்காது."

"விக்கலன்னா? மெடல் குத்தணுமா உனக்கு?"

"திருடன்னா வித்திருப்பான்ல."

"அப்ப நீ யாருடா?"

அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"நான் டப்பா ஒட்டறவன். நாலு வருஷமா சங்கத்துல என் பேரு அதுதான். அக்கா பாத்தாச்சா, அக்கா என்ன சொன்னாங்க, அக்காவுக்கு நாற்காலி போடு. என்னப் பாத்தா? 'தம்பி, பசை காஞ்சிடுச்சா?' அவனவன் வாங்குவான், உன்கிட்ட காட்டுவான், அலமாரியில பூட்டுவான். வருஷத்துக்கு ஒருதடவ எடுத்துப் பாப்பான். டப்பாவத்தான் பாப்பான். உள்ள எது இருந்தா அவனுக்கு என்ன? அவன் சந்தோஷம் கொறஞ்சுதா? நீயே சொல்லு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அத வெச்சுக்கிட்டு காபி குடிச்சியே, ஒருநாளாவது காபி கசந்துதா?"

அவள் கை ஓங்கியது. இறங்கவில்லை. நாற்பத்தெட்டு வயது ஆள், காதோரம் நரை. எங்கே அடிப்பது?

"என் கண்ண இரவல் வாங்கி என்னையே குருடாக்கிட்டியேடா."

"நீ ஒரே ஒருதடவ, ஒட்டினப்புறம் ஒருதடவ திருப்பிப் பாத்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன். நீ பாக்கவே இல்ல."

"உன்ன எதுக்குடா நான் பாக்கணும்?"

அவன் மெழுகுக் குழியிலிருந்து 1732-ஐப் பூ மாதிரி எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"உன்னோட ஏழையும் எடுத்துக்க. சீஃப்போடதயும் எடுத்துக்க, நல்லதாவே உள்ள வெச்சு ஒட்டித் தரேன். மத்தது இருக்கட்டும். நாளைக்கு எவனுக்கும் தெரியப்போறதில்ல. நாளப்பின்ன உனக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றது நானா, சங்கத்துக்காரனா?"

வெள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் மங்கலாக மின்னியது. பதினோரு வருஷத் தேடல், அரை அடி தூரத்தில். கை நீட்டினால் போதும்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்றை எடுத்தாலும் பங்கு வாங்கிய மாதிரிதான். அவள் சொல்லை நம்பி இருபத்துநாலு பேர் வாங்கியிருக்கிறார்கள். அவளுக்கென்று இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

"இத அப்படியே மூடு. நாளைக்கு நாலு மணிக்குக் கண்காட்சி. அதுக்குள்ள இந்தத் தட்ட சங்கத்து மேஜைமேல கொண்டுவந்து வை. நீயே சொல்லு. நான் சொல்லி நீ மாட்டினதா இருக்க வேண்டாம். நீயா ஒத்துக்கிட்டதா இருக்கட்டும். நான் உன் பக்கத்துல நிக்கிறேன்."

தம்பி துணியை இழுத்துத் தட்டை மூடினான்.

"பக்கத்துல நிப்பியா?"

"நிப்பேன்டா."

"சரிக்கா" என்றான்.

படியிறங்கும்போது மனதில் ஒரு மூலை லேசாகியிருந்தது. கூடப் பிறந்தவன், கடைசியில் சரி என்று சொல்லிவிட்டான்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டுமே. சபைக்குக் கொண்டுபோகணுமா?"

"சபையோட சொத்தும்மா அது. வீட்டுல இருந்தா வீட்டு விஷயம் ஆயிடுமா?"

"அவரு சாப்பிடவே இல்ல அண்ணி."

"சாப்பிடச் சொல்லு. நாளைக்கு அவன் நிறையப் பேச வேண்டியிருக்கும்."

உண்மையிலேயே நிறையப் பேசியிருந்தான்.

சனிக்கிழமை மூன்றேகாலுக்கு அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது காட்சிக்கு வைத்த மேஜைகள் காலியாகக் கிடந்தன. எல்லாரும் மேடைப் பக்கம் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வழக்கமாக அவளுக்குப் போடும் நாற்காலியில் தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மேஜைமேல் நீளத் தட்டு. துணி விலக்கியிருந்தது. முப்பத்தொன்றும் இருந்தன. பக்கத்தில் உடைத்த டப்பாக்களின் சில்லுக் குவியல்.

சொன்ன வார்த்தை தவறவில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டான். அவனே சொல்லியும்விட்டான். அவளும் சொன்னபடி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"வாங்க" என்றார் செயலாளர். பழைய தபால் அதிகாரி, முத்திரை குத்துவது மாதிரிப் பேசுவார். "உங்க தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டார். மனசு பொறுக்காம அவரே எடுத்துட்டு வந்துட்டார். அந்த அளவுக்காவது அவர்கிட்ட நேர்மை இருக்கு."

"ஆமா, நான்தான் அவனக் கொண்டுவரச் சொன்னேன்."

"நீங்க சொன்னதத்தான் எல்லாம் செஞ்சேன்னு அவரும் சொல்றார்."

அந்த வாக்கியம் காதுக்குள் போய் அர்த்தமாவதற்குச் சில நொடிகள் ஆயின.

"என்ன சொன்னீங்க?"

"எது அச்சு எடுக்கணும், எது தேறும்னு பொறுக்கிக் குடுத்தது நீங்களாம். செஞ்சது அவராம்."

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"டேய். என்னைப் பாத்துச் சொல்லு."

"எத்தன நாள்தான்க்கா மறைக்கறது?" என்றான் தரையைப் பார்த்து. தணிந்த, களைத்த, எவரும் நம்பிவிடக்கூடிய குரல். பத்து வருஷம் கட்டுப்பல்லை அசல் பல்லாகக் காட்டிப் பழகிய கை மட்டுமில்லை, நாக்கும் பழகியிருந்தது.

"என்னோட ஏழும் அந்தத் தட்டுலதானே இருக்கு! என் காச நானே திருடுவேனா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீதானேக்கா சொன்ன, மாட்டினா அதக் காட்டித் தப்பிச்சுக்கலாம்னு."

முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தாள். செயலாளரிடம் நீட்டினாள். "இதப் பாருங்க. நான் பாத்த ஒவ்வொண்ணும் இதுல இருக்கு. விளிம்புல எந்த எடத்துல என்ன இருக்குன்னு எழுதியிருக்கேன். தட்டுல இருக்கறதோட ஒத்துப் பாருங்க. நான் பாத்தது நல்ல காசு. மாறினது என் கைய விட்டுப் போனப்புறம்."

செயலாளர் இரண்டு பக்கம் புரட்டினார். "நல்ல காசுன்னு உங்களுக்குத் தெரிஞ்சதாலதானேம்மா பொறுக்கி எடுக்க முடிஞ்சுது? தவிர, நோட்டும் உங்க கையெழுத்துதானே."

நேற்றுவரை அந்தக் கையெழுத்துக்காக வரிசையில் நின்றவர்கள்.

"சீஃப்" என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். "நீங்க சொல்லுங்க. உங்க காசப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. வியாழக்கிழமை காலையில. உங்க எதிர்லயே."

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் கடையில் போட்ட கண்ணாடி.

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. அன்னைக்கு உங்க முகம் மாறிச்சு. கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க. அப்புறம் போன் பண்ணி, திறந்தீங்களான்னு கேட்டீங்க. ஏன்னு கேட்டேன். டப்பா அளவுக்குன்னீங்க." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ரெண்டு நாள் எதுக்கும்மா எடுத்துக்கிட்டீங்க?"

தம்பிக்காக. தம்பி தானாகவே ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும் என்பதற்காக. வாய்வரை வந்த பதில் எப்படி ஒலிக்கும் என்று அவளுக்கே கேட்டது. தம்பியைக் காப்பாற்ற இரண்டு நாள் மறைத்தவள், நாலு வருஷம் மறைக்க மாட்டாளா?

"வியாழக்கிழமையே உங்க ஏழு டப்பாவையும் உடைச்சிருக்கீங்க" என்றார் செயலாளர். "உங்க அலமாரியில இருக்கற போலி ஏழையும் நாங்க பார்க்கணும்."

"பாருங்க. தாராளமா வந்து பாருங்க."

கையிலிருந்த பையை மூடினாள். 

முடிவு அரை மணி நேரத்தில் எழுதப்பட்டது. காசுகள் உரியவர்களிடம் திரும்பும். விசாரணை முடியும்வரை அக்காவும் தம்பியும் சங்கத்துப் பக்கம் வரக்கூடாது. தானாக முன்வந்ததற்காகத் தம்பியின் பெயரோடு ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அவள் பெயரோடு எதுவும் இல்லை.

எது யாருடையது என்று பிரிக்க வேறு வழியில்லாமல் அவள் நோட்டைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மணி படித்தார், ஒருவர் விளிம்பைத் திருப்பினார். இருபத்துநாலும் பிசகாமல் பொருந்தின. பொருந்தப் பொருந்த முகங்கள் இறுகினவே தவிர, இளகவில்லை. அவளுடைய ஏழை மட்டும் விசாரணைக்கென்று ஒரு கவரில் போட்டு ஒட்டினார்கள்.

வெளியே வந்து வாசலில் நின்றாள். தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். கால் ஊன்றி நிறுத்தினான்.

"ஏறுக்கா. விட்டுட்டுப் போறேன்."

கிண்டல் இல்லை. மழை வரும் போலிருந்தது, அக்கா எப்படிப் போவாள் என்கிற நிஜமான கவலை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. அந்த முகத்தில் எங்கே தேடியும் ஒரு தடம்கூட இல்லை. அத்தனை சுத்தம்.

"போ" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. உன்ன யாரு என்ன செய்யப்போறாங்க? நான் தனியா மாட்டியிருந்தா என் லேப்பே போயிருக்கும். பிள்ளைகுட்டி இருக்குல்ல எனக்கு."

"போடா."

போய்விட்டான்.

திங்கட்கிழமை கடை திறந்தாள். மதியம்வரை இரண்டே பேர், இரண்டு பேரும் மூக்குத்தாங்கி மாற்ற வந்தவர்கள். மூன்று மணிக்கு சீஃப் வந்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணிப் பையை எடுத்து கவுண்டர்மேல் வைத்தார். நட்சத்திரக் குத்துக் காசு.

அவள் கை தானாக லூப்பைத் தேடியது.

"இல்லம்மா" என்றார் அவசரமாக. "பாக்கறதுக்காகக் கொண்டுவரல. பக்கத்துல போற வழி. சொல்லிட்டுப் போகலாம்னுதான்..." நிறுத்தினார். கப்பலில் எத்தனையோ புயலைப் பார்த்த மனிதர் துணிப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத வெளியூர்ல வேற யார்கிட்டயாவது ஒருதடவ காட்டிட்டு வரலாம்னு இருக்கேன். உங்கமேல எனக்கு... தப்பா நெனச்சுக்காதீங்க. கையில வெச்சா தூக்கம் வரல, அவ்வளவுதான்."

"தப்பே இல்ல சீஃப்."

"யாருகிட்ட போறதுன்னுதான் தெரியல. எனக்கு உங்கள விட்டா யாரையும் தெரியாது."

பவர் எழுதும் சீட்டுக் கட்டை அவள் தன் பக்கம் இழுத்தாள். தலைநகரில் அருங்காட்சியகத்துக்கு எதிர்த் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், கறாரான ஆள், விளிம்பு பார்க்கத் தெரிந்தவர். அவர் முகவரியையும் போன் நம்பரையும் எழுதினாள். செவ்வாய் மட்டும் இருக்கமாட்டார் என்று கீழே குறித்தாள். பழக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனா இறங்கியது. நிறுத்தி, மூடியைப் போட்டு, சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க" என்றாள்.